மருத்துவர் அறைக்குள் 10 நிமிடங்கள்: இங்கிலாந்தில் வாழும் தமிழர்களுக்கு ஒரு பேச்சு ஆங்கில வழிகாட்டி

"ஹேவ் யூ பீன் சிக்?" என்று மருத்துவர் கேட்டார். என் தாயார் சற்றும் தயங்காமல், "எஸ் டாக்டர், டூ வீக்ஸ்" என்றார். இரண்டு வாரங்களாக உடம்பு சரியில்லை என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் இங்கிலாந்தின் பேச்சு வழக்கில் அந்தக் கேள்விக்கு "வாந்தி எடுத்தீர்களா?" என்றே பொருள். எனவே, இரண்டு வாரங்களாக ஓயாமல் வாந்தி எடுக்கும் ஒரு மூதாட்டி தம் முன்னே அமர்ந்திருப்பதாக எண்ணிய அந்த மருத்துவர், சாப்பிட்டது என்ன, வயிற்றில் எங்கே வலி, எடை குறைந்ததா என்று கேட்டுக்கொண்டே போனார். நாங்கள் காட்டச் சென்ற முழங்கால் வீக்கத்தைப் பற்றிப் பேசுவதற்குள் ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது.

என் தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், ஸ்கேன், ஈ.சி.ஜி. என்று நோய்க்கும் சோதனைக்கும் உரிய சொற்கள் தமிழர் வாயில் புழங்கிப் பல காலம் ஆயிற்று. நம்மைத் தடுக்கி விழச் செய்பவை அந்தப் பெரிய சொற்கள் அல்ல. ஆங்கிலேயர் வீட்டில் பேசும் சின்னச் சின்னச் சொற்களே. ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பொதுவாக ஒருவருக்குக் கிடைப்பது 10 நிமிடம். அதற்குள் நம் உடம்பைப் பற்றித் தெளிவாகச் சொல்லவும், அவர் சொல்வதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளவும் எவ்வாறு பழகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தமிழில் துல்லியமாகச் சொல்லிப் பாருங்கள்

ஆங்கிலப் பயிற்சியைத் தமிழில் தொடங்கச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நம் மொழி சில இடங்களில் உடம்பை ஆங்கிலத்தைவிட அகலமாகப் பிரிக்கிறது. தோள் முதல் விரல் நுனி வரை நமக்குக் கை. ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்கு மேலே உள்ளது "ஆர்ம்", கீழே உள்ளது "ஹேண்ட்". அதேபோல் நம் கால் அவர்களுக்குக் கணுக்காலில் பிரிந்து, மேலே "லெக்" என்றும் கீழே "ஃபுட்" என்றும் இரண்டாகிவிடுகிறது. பாதத்தில் புண் இருப்பவர் "லெக்" என்று தொலைபேசியில் சொன்னால், கேட்பவர் மனத்தில் வேறொரு இடம்தான் தோன்றும். சர்க்கரை நோயாளியின் பாதப்புண் என்றால் அந்த வேறுபாடு சாதாரணமானதும் அன்று.

எல்லாவற்றிலும் அதிகமாகக் குழப்புவது இடுப்பு. "இடுப்பு வலி" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் கையை வைத்துக் காட்டுவது முதுகின் அடிப்பகுதியை. அகராதியைப் பார்த்து அதை "ஹிப் பெயின்" என்று சொன்னால், தொடையெலும்பு வந்து சேரும் மூட்டையே மருத்துவர் நினைப்பார். முதுகின் அடிப்பகுதி "லோயர் பேக்". அவ்வாறே, "நெஞ்சு வலி" என்பதை "ஹார்ட் பெயின்" என்று மாற்ற வேண்டாம். "செஸ்ட் பெயின்" என்பதே சரி. நெஞ்சு எரிகிறது என்றால் அது "ஹார்ட்பர்ன்". பெயரில் இதயம் இருந்தாலும் அது இரைப்பை அமிலத்தால் வரும் தொல்லை. இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் ஓர் எளிய காப்பு உண்டு: இடத்தை விரலால் தொட்டு, "இட் ஹர்ட்ஸ் ஹியர்" என்று சொல்லுங்கள். "இங்கே வலிக்கிறது" என்ற இந்த மூன்று சொல் வாக்கியத்தைத்தான் முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டும் என்பேன். தொலைபேசியில் விரல் உதவாது என்பதால்தான் உறுப்பின் பெயர்களும் தேவைப்படுகின்றன.

வலியின் தன்மையைச் சொல்வதில் நிலைமை தலைகீழ். அதில் தமிழ் வளமானது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், சுரீர், விண்விண் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்கள் போதும். குத்தும் வலி "ஷார்ப்"; விடாமல் மந்தமாக இருப்பது "டல் ஏக்"; எரிவது "பர்னிங்"; விண்விண் என்று தெறிப்பது "த்ராபிங்"; இறுகப் பிடிப்பது போன்றது "டைட்"; முறுக்கிப் பிடித்து விடுவது "க்ராம்ப்". கை கால் மரத்துப்போவது "நம்ப்". எறும்பு ஊர்வதுபோல் இருப்பதை அவர்கள் "பின்ஸ் அண்ட் நீடில்ஸ்" என்பார்கள், ஊசியும் குண்டூசியுமாக. சிறுநீர் கழிக்கும்போது வரும் நீர்க்கடுப்பை, "இட் பர்ன்ஸ் வென் ஐ வீ" என்று கூச்சமின்றிச் சொல்லலாம். "வீ" என்பது குழந்தைச் சொல்லாக நம் காதில் விழுந்தாலும், மருத்துவர்களே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் "மயக்கம்" என்ற சொல்லில் மட்டும் நின்று நிதானிக்க வேண்டும். நினைவிழந்து விழுந்ததும் நமக்கு மயக்கம். தலை சுற்றியதும் மயக்கம். மருந்து சாப்பிட்டுக் கண் சொக்குவதும் மயக்கம். மருத்துவருக்கோ இவை மூன்றும் மூன்று வேறு திசைகள். விழுந்து நினைவு தப்பியிருந்தால் "ஐ பாஸ்ட் அவுட்". அறை சுழல்வதுபோல் இருந்தால் "த ரூம் வாஸ் ஸ்பின்னிங்". விழுந்துவிடுவோமோ என்று கண் இருண்டால் "ஐ ஃபெல்ட் ஃபெய்ன்ட்". தூக்கக் கலக்கம் என்றால் "ட்ரவ்ஸி". உங்களுக்கு வந்தது எது என்பதை வீட்டிலேயே தமிழில் முடிவு செய்துகொண்டு போனால், ஆங்கிலம் தானாக அமையும். "உடம்பு சூடு" என்பதும் இப்படித்தான். கண் எரிச்சலையும் வாய்ப்புண்ணையும் நாம் சூடு என்போம். "ஹீட்" என்று மொழிபெயர்த்தால் எவருக்கும் புரியாது. கண் எரிகிறது, வாயில் புண் இருக்கிறது என்று அதனதன் பெயரால் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் "டெம்பரேச்சர்" என்ற சொல்லே போதும்: "ஐ ஹேவ் அ டெம்பரேச்சர்."

எப்போதிலிருந்து?

மருத்துவரின் இரண்டாவது கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். நம்மில் பலர் "ஐ ஆம் ஹேவிங் பெயின் சின்ஸ் டூ டேஸ்" என்று விடை சொல்கிறோம். பொருள் விளங்கிவிடும்; அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆயினும் முறையான வடிவத்தை ஒருமுறை பழகிக்கொண்டால் அது வாழ்நாள் முழுவதும் உதவும். எத்தனை நாள் என்று கால அளவைச் சொன்னால் "ஃபார்", எந்த நாளிலிருந்து என்று தொடக்கத்தைச் சொன்னால் "சின்ஸ்". "ஐ ஹேவ் ஹேட் திஸ் பெயின் ஃபார் டூ டேஸ்" என்றும் "சின்ஸ் மன்டே" என்றும் இரண்டையும் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வலி விட்டுவிட்டு வந்தால் "இட் கம்ஸ் அண்ட் கோஸ்". ஓயாமல் இருந்தால் "இட்ஸ் தேர் ஆல் த டைம்". நாளுக்கு நாள் கூடினால் "இட்ஸ் கெட்டிங் வர்ஸ்".

வலிக்கு 0 முதல் 10 வரை எண் கேட்பதும் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் "பரவாயில்லை" என்றே பழகியவர்கள் ஆதலால், தாங்க முடியாத வலிக்கும் நான்கு என்றுதான் சொல்வார்கள். எண்ணைவிட, வலி எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று சொல்வதையே நான் விரும்புகிறேன். "ஐ கான்ட் க்ளைம்ப் த ஸ்டேர்ஸ்", "இட் வேக்ஸ் மீ அப் அட் நைட்" போன்ற வாக்கியங்களில் மிகைக்கும் அடக்கத்துக்கும் இடமில்லை.

அவர்கள் சொல்வது ஒன்று, நம் காதில் விழுவது ஒன்று

வரவேற்பு மேசையிலிருந்து "ப்ளீஸ் கம் டு த சர்ஜரி" என்று அழைப்பு வந்தால், அறுவை சிகிச்சைக்கு அழைக்கிறார்கள் என்று பதற வேண்டாம். குடும்ப மருத்துவர் இருந்து நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கே இங்கிலாந்தில் "சர்ஜரி" என்று பெயர். உண்மையான அறுவை நடக்கும் இடம் "தியேட்டர்". அங்கே கத்தி பிடிக்கும் மூத்த மருத்துவரை "டாக்டர்" என்று அழைக்காமல் "மிஸ்டர்" அல்லது "மிஸ்" என்று அழைப்பது இந்நாட்டின் பழைய வழக்கம். கடிதத்தில் அவ்வாறு கண்டால், மருத்துவர் அல்லாத ஒருவரிடம் அனுப்புகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

"பூர்லி" என்றால் உடல்நலமில்லாத நிலை. ஏழ்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. "ஜாப்" என்றால் தடுப்பூசி. "ப்ளட்ஸ்" என்றால் இரத்தப் பரிசோதனை. "ஹவ் ஆர் யுவர் வாட்டர்வர்க்ஸ்?" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைப் பற்றி விசாரிக்கவில்லை, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்கிறார்கள். "ஹேவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்?" என்பது மலம் கழித்தீர்களா என்ற கேள்வி; மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரிடம் இதைச் செவிலியர் அடிக்கடி கேட்பார். "பாப் அப் ஆன் த கௌச்" என்றால் பரிசோதனைப் படுக்கையில் ஏறிப் படுங்கள். ஊசி குத்துவதற்கு முன் "ஷார்ப் ஸ்க்ராட்ச்" என்பார்கள். கையை அசைக்காமல் இருக்கச் சொல்லும் குறிப்பு அது. சோதனை முடிவு "நெகட்டிவ்" என்று வந்தால் பெரும்பாலும் அது நல்ல செய்தி, தேடிய நோய் தென்படவில்லை என்பதே பொருள்.

மறுபக்கமும் உண்டு. ஊரில் ஆங்கிலம் என்று நினைத்து நாம் பேசும் சில சொற்கள் இங்கே செல்லுபடியாகா. "லூஸ் மோஷன்" என்பது இந்திய வழக்கு. "டயரியா" என்றோ "ரன்னி பூ" என்றோ சொல்ல வேண்டும். "கிடினெஸ்" என்பதற்குப் பதிலாக "டிஸி" என்ற சொல்லைக் கைக்கொள்ளுங்கள். "ஐ ஹேவ் சுகர், பிரஷர்" என்பதைத் தமிழ் மருத்துவர் புரிந்துகொள்வார். மற்றவர்களிடம் "டயபட்டிஸ்" என்றும் "ஹை ப்ளட் பிரஷர்" என்றும் முழுதாகச் சொல்வதே பாதுகாப்பு. "ஐ ஆம் ஃபீலிங் கோல்ட்" என்றால் குளிர்கிறது. "ஐ ஹேவ் அ கோல்ட்" என்றால் சளி பிடித்திருக்கிறது. இருமும்போது வெளியே வரும் சளிக்குப் பெயர் "ஃப்ளெம்". அதன் நிறத்தையும் கேட்பார்கள்.

ஆமாம், இல்லை என்ற பொறி

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. "யூ ஆர் நாட் அலர்ஜிக் டு பெனிசிலின்?" என்று மருத்துவர் கேட்கிறார். ஒவ்வாமை எதுவும் இல்லாத தமிழர், கேள்வியில் உள்ள "இல்லை"யை ஏற்றுக்கொண்டு, "ஆமாம், இல்லை" என்ற பொருளில் "எஸ்" என்கிறார். ஆங்கிலேயர் வழக்கப்படி அங்கே "நோ" என்றுதான் சொல்ல வேண்டும். "எஸ்" என்பதை "ஒவ்வாமை உண்டு" என்றே அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். இதற்கு நேர்மாறாக, ஒவ்வாமை உள்ளவர் "நோ" என்று சொல்லிவிட்டால் விளைவு இன்னும் மோசம். ஆகவே எதிர்மறைக் கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் விடையளிப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். "ஐ ஹேவ் நோ அலர்ஜீஸ்" அல்லது "ஐ ஆம் அலர்ஜிக் டு பெனிசிலின்" என்று முழு வாக்கியமாகச் சொன்னால் குழப்பத்துக்கு வழியே இல்லை.

அதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், ஒருவர் பேசும்போது "ம்... ம்..." என்று கேட்டுக்கொள்வதுபோல் "எஸ், எஸ்" என்று சொல்லித் தலையாட்டுவது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக நாம் ஆட்டும் தலையை, புரிந்துவிட்டது, சம்மதம் என்று அவர் எடுத்துக்கொள்வார். புரியாத இடத்தில் "சாரி, கேன் யூ சே தட் அகெய்ன், ஸ்லோலி?" என்று நிறுத்துங்கள். புரிந்ததுபோல் தோன்றினாலும், எழும் முன் ஒருமுறை, "கேன் ஐ ஜஸ்ட் செக்?" என்று தொடங்கி, எந்த மருந்து, எத்தனை வேளை, எப்போது மறுபடி வர வேண்டும் என்பதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். தவறிருந்தால் அவர் அங்கேயே திருத்திவிடுவார். எனக்குத் தெரிந்தவரை, இலக்கணம் படிப்பதைவிட இந்த ஒரு பழக்கமே அதிகப் பயன் தருகிறது.

மருந்தும் அளவும்

தமிழ்நாட்டு மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையும் இரவும் என்று நமக்குத் தெரியும். இங்கே அந்தக் குறியீடு இல்லை. பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் "டேக் ஒன் ட்வைஸ் அ டே" என்பதுபோல் சொற்களில் இருக்கும். "வித் ஆர் ஆஃப்டர் ஃபுட்" என்றால் உணவோடு அல்லது உணவுக்குப் பின். "ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்" என்றால் வெறும் வயிற்றில்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையின் வணிகப் பெயரைச் சொல்வதில் பயனில்லை. கிளைகோமெட் என்று சொன்னால் இங்குள்ள மருத்துவருக்குத் தெரியாமல் போகலாம். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மெட்ஃபார்மின் என்ற பெயரைப் படித்துக் காட்டினால் உடனே புரியும். இந்தியர் டோலோ என்பதும் இலங்கையர் பனடோல் என்பதும் இங்கே "பாரசிட்டமால்" என்ற பொதுப் பெயரிலேயே பெரும்பாலும் விற்கப்படுகிறது. ஊர் டோலோவில் 650 மில்லிகிராம் இருக்கும், இங்குள்ள மாத்திரையில் 500. பெரியவர்கள் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு, 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது என்று இங்கே அறிவுறுத்துவார்கள். சளி மருந்துகள் பலவற்றிலும் அதுவே கலந்திருப்பதால், வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். லேகியம், கஷாயம், சித்த மருந்து எதுவாயினும், "ஐ ஆல்ஸோ டேக் ஹெர்பல் மெடிசின்" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

சர்க்கரை அளவு இங்கே வேறு அலகில் பேசப்படுகிறது. ஊரில் 180 என்பது இங்கே 10. ஊரில் 126 என்பது இங்கே 7. ஊர்க் கணக்கை 18ஆல் வகுத்தால் இந்நாட்டு எண் கிடைக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையிலும் 6.5 சதவீதம் என்பது 48 என்று எழுதப்படும். "யுவர் சுகர் இஸ் டென்" என்று கேட்டு, அபாயகரமாகத் தாழ்ந்துவிட்டது என்று பயந்து இனிப்பைத் தேடுவோருக்காகவே இதை எழுதுகிறேன்.

தொலைபேசியும் பெயரும்

வரவேற்பாளர் "கேன் ஐ ஆஸ்க் வாட் இட்ஸ் அபௌட்?" என்று கேட்கும்போது, இவருக்கு எதற்கு என் நோய் என்று நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எவரிடம், எவ்வளவு விரைவில் அனுப்புவது என்று தீர்மானிக்கவே அவர் கேட்கிறார். ஒரே வரி போதும்: "இட்ஸ் அபௌட் மை நீ. இட்ஸ் ஸ்வோலன்." அந்தரங்கமானதாக இருந்தால், "இட்ஸ் பர்சனல். கேன் ஐ சீ அ ஃபீமேல் டாக்டர், ப்ளீஸ்?" என்று கேட்கலாம். தொண்டை வலி, காது வலி, பூச்சிக்கடிப் புண் போன்ற ஏழு தொல்லைகளுக்கு 2024 ஜனவரி முதல் இங்கிலாந்தில் மருந்தாளுநரே பார்த்து மருந்து தரும் ஏற்பாடு இருப்பதால், "ட்ரை த ஃபார்மசி" என்று உங்களை அனுப்பக்கூடும். அது தட்டிக்கழிப்பு அன்று.

பெயர் ஒரு தனிக் கதை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. படிவத்தில் தந்தையின் பெயரோ கணவரின் பெயரோ அந்த இடத்தில் ஏறிவிடுகிறது. காத்திருப்பு அறையில் தந்தையின் பெயரைச் சொல்லி இருமுறை அழைத்தபின், வரவில்லை என்று எழுதிக்கொண்டு அடுத்தவரை அழைத்த சம்பவத்தை நானே பார்த்திருக்கிறேன். உரியவர் இரண்டாம் வரிசையில் நிம்மதியாக அமர்ந்திருந்தார். உங்கள் "சர்நேம்" எது என்று பதிவேட்டில் இருப்பதைத் தெரிந்துகொண்டு, அதை ஆங்கிலேயர் எவ்வாறு உச்சரிப்பார் என்றும் ஒருமுறை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வாறு பழகுவது

தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. முதுகுக்குரிய சொல்லையும் மூட்டை கட்டுவதற்குரிய சொல்லையும் நாம் "பேக்" என்றே எழுதுவோம். முதல் ஒலி காதால் மட்டுமே பிரியும். எழுத்தைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. "ஏக்" என்பதை "ஏச்" என்றும், "ஸ்டமக்" என்பதை "ஸ்டொமாச்" என்றும் படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். எனவே இந்நாட்டில் வளர்ந்த மகனையோ பேத்தியையோ மருத்துவராக உட்காரவைத்து நோயாளியாக நடியுங்கள். அவர்கள் உங்களைத் திருத்தும்போது வரும் சிரிப்பும் பயிற்சியின் பகுதிதான். வாரம் ஒரு நோயை எடுத்துக்கொண்டு, ஐந்து வாக்கியம் சொன்னால் போதும். பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பிக்க அருகிலுள்ள கல்லூரிகளில் நடக்கும் "ஈசோல்" வகுப்புகளில் மருத்துவரைச் சந்திக்கும் பாடம் பெரும்பாலும் இருக்கும்.

போகும் நாளுக்கு ஓர் அரைப் பக்கத் தாள் தயார் செய்யுங்கள். மேலே முதன்மையான தொல்லை, அதன்கீழ் எத்தனை நாள், பிறகு மருந்துகள், கடைசியில் நீங்கள் கேட்க விரும்பும் ஒரே ஒரு கேள்வி. முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். ஊரில் செய்வதுபோல் நலம் விசாரித்து, வானிலை பேசி, கதவருகே போனபின் "இன்னொரு விஷயம் டாக்டர், நெஞ்சு கொஞ்சம் அடைக்கிறது" என்று தொடங்கினால் 10 நிமிடம் அதற்குப் போதாது.

நெஞ்சின் நடுவே இறுக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் போன்றவற்றுக்கு எந்த முன்பதிவும் வேண்டாம். 999ஐ அழைக்க வேண்டும். எந்தச் சேவை என்று கேட்டால் "ஆம்புலன்ஸ்". இணைப்புக் கிடைத்ததும் பெரும்பாலும் "இஸ் த பேஷன்ட் பிரீதிங்?" என்று கேட்பார்கள், மூச்சு விடுகிறாரா என்பது அதன் பொருள். "பிரீதிங்" என்ற ஒரு சொல்லையேனும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அவசரம் ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 111. அங்கே "டமில் இன்டர்பிரட்டர், ப்ளீஸ்" என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவச் சேவையில் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லை. நேரம் பதிவு செய்யும்போதே, "கேன் ஐ ஹேவ் அ டமில் இன்டர்பிரட்டர் அண்ட் அ டபுள் அப்பாயின்ட்மென்ட், ப்ளீஸ்?" என்று கேட்டுவிட வேண்டும், இருவழியும் பெயர்க்க இரட்டை நேரம் தேவைப்படும். அறுவைக்குக் கையெழுத்திடும்போதும், புற்றுநோய் போன்ற செய்தியைக் கேட்கும்போதும், எவ்வளவு ஆங்கிலம் கற்றிருந்தாலும் இந்த உதவியைப் பெறுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கொண்டு அதைச் செய்விக்காதீர்கள். அவ்வாறு அமரும்போது மொழிபெயர்ப்பாளரின் தமிழுக்காக மட்டும் காத்திராமல், மருத்துவரின் ஆங்கிலக் கேள்வியையும் கூர்ந்து கேளுங்கள். அதே கேள்வி ஓரிரு நொடிகளில் உங்கள் மொழியில் திரும்பி வரும். வீட்டுக்கு வந்ததும் நினைவில் நின்ற இரண்டு கேள்விகளை அந்த அரைப் பக்கத் தாளின் பின்புறம் எழுதிவைத்தால், அடுத்த முறைக்கான பாடம் அங்கேயே இருக்கும்.